உப்சாலாவில் வந்து சேராத வங்கி அட்டை

ஸ்வீடனில் உப்சாலாவுக்குப் படிக்க வந்த புதிதில், வங்கி இரண்டு முறை அனுப்பியும் அட்டை கைக்கு வரவில்லை. தெருப் பெயர் சரி, அஞ்சல் குறியீடும் சரி. வீட்டின் நான்கு இலக்க எண்ணையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் திரும்பிப் போனது. மூன்று வாரம் வீண்.

அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் தபால்காரரைப் பார்த்தேன். அவர் எண் எதையும் தேடவில்லை. கதவில் கடிதம் போடும் துவாரத்துக்கு மேலுள்ள பெயரைத்தான் படித்தார். என் கதவில் இருந்ததோ எனக்கு உள்வாடகைக்கு விட்டவரின் குடும்பப் பெயர்! என் பெயரை எழுதி அதன் கீழே ஒட்டினேன். முகவரியிலும் என் பெயருக்கு அடுத்து ‘சி/ஓ’ (இன்னார் வீட்டில் என்று பொருள்) போட்டு, உள்வாடகைக்கு விட்டவரின் பெயரைச் சேர்க்க வங்கியிடம் சொன்னேன். நான்காம் நாள் அட்டை வாசல் கால்மிதி மேல் கிடந்தது.