கால்வாய்க்கரைத் தெருக்களைப் படம் எடுப்பவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

சென்னையில் துரைப்பாக்கம், நீலாங்கரை பக்கம் பக்கிங்காம் கால்வாயைப் படம் எடுக்கப் போகிறவர்கள் நேராகப் போய் நிற்பது பாலத்தின் நடுவில். நடுவே தண்ணீர், இரண்டு பக்கமும் கரை, மேலே வானம். யார் எடுத்தாலும் ஒரே படம்தான். கால்வாயை மட்டும் தனியாக எடுக்க நினைப்பதே முதல் தவறு. ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கிளம்பும் தெருக்கள் கால்வாயில் போய் முட்டி நிற்கும் முட்டுச்சந்துகளில்தான் விஷயமே இருக்கிறது. கரைச்சுவரில் காயும் துணி, ஓரமாகச் சாய்த்த டிவிஎஸ் எக்ஸெல், லாரித் தண்ணிக்கு வரிசை போட்ட குடங்கள், பின்னால் பச்சையாக ஆகாயத்தாமரை. தெருவும் தண்ணீரும் ஒரே படத்தில் விழும்படி நில்லுங்கள்.

கால்வாய் கடற்கரையை ஒட்டி ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. அதில் வந்து முட்டும் தெருக்கள் கிழக்கு மேற்கு. காலையில் ஈசிஆரிலிருந்து கால்வாயை நோக்கி நடந்தால் வெயில் முதுகில் அடிக்கும். உங்கள் நிழல் நீளமாகப் படத்துக்குள் விழும், எதிரே வருபவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். அதே நேரத்தில் கரையோரம் வடக்கே பார்த்து நின்றால் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே உதிப்பதால் தெற்குப் பார்த்த வாசல்களில் சாய்வாக வெயில் படும். கோலப்பொடியின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான். தலைக்கு மேலிருந்து எடுக்காதீர்கள், குந்தி உட்கார்ந்து எடுங்கள். எட்டு மணி தாண்டினால் பைக் டயர் பாதிக் கோலத்தை இழுத்துப் போயிருக்கும். (அதுவும் நல்ல படம்தான்.)

அதிகம் பேர் ஏமாறுவது கறுப்புத் தண்ணீரில். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். படத்தில் பாதிக்கு மேல் கழிவு கலந்த கருந்தண்ணீர் இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வானமும் சுண்ணாம்பு அடித்த சுவரும் வெளுத்துப்போகும். அப்படி முழுசாக வெளுத்த இடத்தைப் பிறகு எந்த எடிட்டிங்கிலும் மீட்க முடியாது. கேமராவின் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1.3 வரை குறைத்து வையுங்கள். போனில் எடுத்தால் வெயில் படும் சுவரைத் தொட்டுவிட்டு, கூடவே வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். படம் முழுக்க வெள்ளைச் சுவராக இருந்தால் தலைகீழ்: பிளஸ் 0.7 வரை கூட்ட வேண்டும்.

தண்ணீர் என்றதும் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டுகிறவர்கள் உண்டு. நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 டிகிரிச் சாய்வில் பார்க்கும்போது அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். தெளிந்த குளத்துக்குச் சரி. இங்கே பிரதிபலிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சேறும் பிளாஸ்டிக் கவரும்தான். எதிர்க்கரை வீட்டின் ரோஸ் பெயின்ட் தண்ணீரில் விழுவதே படத்தைத் தூக்கி நிறுத்தும். கூடவே ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் வீண் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). கழற்றிப் பையில் போடுங்கள்.

சந்து குறுகல் என்று போனில் அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸுக்குத் தாவினால் போனைக் கொஞ்சம் சாய்த்தாலே சுவர்கள் விழப்போவதுபோல் நிற்கும், ஓரத்தில் நிற்பவர் இழுபடுவார், கால்வாய் ஆறுபோல அகன்றுவிடும். 1-லேயே வைத்து நாலு அடி பின்னால் போங்கள், ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டு. பல இடங்களில் தடுப்புச்சுவர் கிடையாது. கரை எங்கே முடிகிறது என்பதைப் புல் மறைத்திருக்கும்.

ஷட்டர் வேகம் நடப்பவர்களுக்கு 1/250 நொடி, வண்டிகளுக்கு 1/500-க்குக் குறையக் கூடாது. ஃபுல்ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 28 மி.மீ. லென்ஸின் துளை அளவை எஃப்/8-இல் வைத்து 3.3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவாக இருக்கும். ஆள் கடக்கும் நொடியில் ஃபோகஸ் தேட வேண்டாம். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கேமராவை அரை மணி நேரம் மூடிய பையிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் ஆவி படியும்.

எதிர்க்கரையில் நின்று ஜூம் லென்ஸால் கரையோர வீடுகளை எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அளக்க வருபவர்களும் போட்டோ எடுப்பார்கள். “எதுக்குப்பா போட்டோ?” என்று கேட்பவர் குரலில் அந்தப் பயம் இருக்கும். கேமராவை இறக்கி, எதற்கென்று சொல்லி, எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். பெற்றவர்களிடம் கேட்காமல் பிள்ளைகளை எடுக்க வேண்டாம். கதவு எண்ணும் வண்டி நம்பரும் தெரியும் படங்களை இணையத்தில் போடுவதற்கு முன் அவற்றை மறைத்துவிடுங்கள்.