வீட்டில் இலையுதிர்கால விருந்தா? முதலில் விளக்கைக் கவனியுங்கள்

குளிர் தொடங்கும் நேரத்தில் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டால் சமையலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம், ஆனால் அறைக்குக் கதகதப்பு வருவது வெளிச்சத்தால்தான். மேலே எரிகிற பெரிய விளக்கை அணைத்துவிட்டு, அட்டையில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் பல்பை மேசை விளக்குகளில் மாட்டி மூலைக்கொன்றாக வையுங்கள். மெழுகுவத்தி வைப்பதானால் வாசனை இல்லாதது, அதுவும் எதிரே இருப்பவர் முகத்தை மறைக்காத உயரத்தில். வாசனை மெழுகுவத்தி சூப்பின் மணத்தையே அமுக்கிவிடும்.

சரி, சாப்பாடு. ஒரே பாத்திரத்தில் மெதுவாக வேகிற ஸ்டூ மாதிரி ஏதாவது போதும், முந்தின நாளே செய்துவிட்டால் மறுநாள் ருசி கூடும். ஆனால் சமைத்த 2 மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், திரும்பச் சுடவைக்கும்போது நடுப்பகுதியும் 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். அப்புறம் தட்டுகள்! சில்லென்ற தட்டில் விழுந்தால் எவ்வளவு சூடான உணவும் சட்டென்று ஆறிப்போகும், அதனால் பரிமாறுவதற்கு முன் தட்டுகளை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுத் துடைத்து எடுங்கள்.

ஹீட்டரை மட்டும் ஆட்கள் வருவதற்கு முன்பே குறைத்துவிடுங்கள், எல்லோரும் வந்து உட்கார்ந்தாலே அறை தானாகச் சூடாகிவிடும்.