உருவான நேரம், திருத்திய நேரம்: டேட்டாபேஸே எழுதிக்கொள்ள வைப்பது எப்படி?

ஒரு பதிவு உருவான நேரம், கடைசியாகத் திருத்திய நேரம் என்ற இந்த இரண்டு ஃபீல்டுகளையும் நிரப்பும் வேலையை அப்ளிகேஷனிடம் விட்டால் ஓட்டை விழும். பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் ஆட்டோ நவ் வசதி, சேவ் வழியாகப் போனால்தான் வேலை செய்யும்; பல பதிவுகளை ஒரேயடியாக மாற்றும் குவெரிசெட் அப்டேட்டில் பழைய நேரமே நிற்கும். ரூபி மொழி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் அப்டேட் ஆல் கட்டளையும் அப்படியே. நேரடியாக எஸ்கியூஎல் ஓட்டுபவரையோ கேட்கவே வேண்டாம்.

உருவான நேரத்துக்கு நாட் நல் (காலியாக விடக்கூடாது), டீஃபால்ட் கரண்ட் டைம்ஸ்டாம்ப் (மதிப்பு தராவிட்டால் அப்போதைய நேரம்) இரண்டும் போதும். இன்சர்ட்டில் அந்த ஃபீல்டுக்கு நல் என்று வெளிப்படையாக அனுப்பினால் டீஃபால்ட் எட்டிப் பார்க்காது; பிழைதான் வரும். ஃபீல்டின் பெயரையே விட்டுவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் திருத்திய நேரத்துக்கு டீஃபால்ட்டோடு 'ஆன் அப்டேட் கரண்ட் டைம்ஸ்டாம்ப்' (பதிவு மாறும்போது அப்போதைய நேரம்) சேர்த்தால் வேலை முடிந்தது. டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-க்கு மேல் தாங்காது என்பதால் டேட்டைம் நல்லது, 5.6.5 பதிப்பிலிருந்து இதிலும் இந்த வசதி உண்டு. ஆனால் டேட்டைம் நேர மண்டலத்தை மாற்றித் தராது, எனவே கனெக்‌ஷனை யூடிசியில் (உலகப் பொது நேரம்) வையுங்கள். பழைய சர்வர்களில் ஒரு பொறி இருக்கிறது: டேபிளின் முதல் டைம்ஸ்டாம்ப் ஃபீல்டை வெறுமனே அறிவித்தால், ஆன் அப்டேட் தானாக ஒட்டிக்கொள்ளும். உருவான நேரம் ஒவ்வொரு திருத்தத்திலும் மாறுகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் ஆன் அப்டேட் கிடையாது, பதிவு மாறும்போது தானாக ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ட்ரிகர்தான் வழி. ஃபீல்டுகள் நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ளும் டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகையில் இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்த மொழியான பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லில் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினால் எல்லா டேபிளுக்கும் ஆகும். அதில் (நியூ என்பது பதிவின் புதிய வடிவம், ஓல்ட் பழையது) மூன்றே வரி: நியூவின் திருத்திய நேரத்தில் நவ் ஃபங்ஷனின் மதிப்பு, நியூவின் உருவான நேரத்தில் ஓல்டின் மதிப்பு, கடைசியில் ரிட்டர்ன் நியூ. இரண்டாவது வரி உருவான நேரத்தை யாரும் மாற்றாமல் பூட்டிவிடும். பிறகு ஒவ்வொரு டேபிளிலும் 'பிஃபோர் அப்டேட், ஃபார் ஈச் ரோ' ட்ரிகர் போடுங்கள். ஆஃப்டர் என்று போட்டால் நியூவில் செய்த மாற்றம் காற்றோடு போகும். ரிட்டர்ன் நல் என்று எழுதினால் அப்டேட்டே சத்தமில்லாமல் நடக்காமல் போகும். மதிப்பு எதுவும் மாறாத அப்டேட்டை ஒதுக்க, ட்ரிகரின் வென் நிபந்தனையில் ஓல்டும் நியூவும் வேறுபட்டால் மட்டும் என்று சொல்லுங்கள். மைஎஸ்கியூஎல் இதைத் தானாகவே செய்கிறது.

போஸ்ட்கிரெஸ்ஸில் நவ் தருவது, ஒன்றாக நடந்து முடியும் கட்டளைத் தொகுப்பான டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், கமிட் ஆன (மாற்றம் உறுதியான) நேரமல்ல. 10:00-க்குத் தொடங்கிய டிரான்சாக்‌ஷன் 10:05-க்கு கமிட் ஆகிறது. இடையே 10:03-க்கு, மாறிய பதிவுகளை வேறிடத்துக்கு எடுத்துப்போகும் ஒரு சிங்க் ஓடி, 'இதுவரை எடுத்தாயிற்று' என்று குறித்துக்கொள்கிறது. 10:00 என்ற முத்திரையோடு வரும் அந்தப் பதிவு அதன் கண்ணில் இனி படவே படாது. எனவே ஒவ்வொரு சிங்க்கிலும் உங்கள் மிக நீண்ட டிரான்சாக்‌ஷனைவிடக் கூடுதலான நேரம் பின்னால் போய் எடுங்கள். இரட்டிப்பாக வருவதை ஐடி வைத்துக் கழியுங்கள்.

ஏற்கெனவே பதிவுகள் நிறைந்த டேபிளில் டீஃபால்ட்டோடு ஃபீல்டைச் சேர்த்தால், பழைய பதிவுகள் எல்லாம் அந்த நொடியில் பிறந்ததாகக் காட்டும். அது பொய்த் தகவல். போஸ்ட்கிரெஸ்ஸில் டீஃபால்ட் இல்லாமல் சேர்த்து, அடுத்த கட்டளையில் டீஃபால்ட் வையுங்கள். பழைய பதிவுகளில் அந்த ஃபீல்டு 'நல்' என்றே (காலியாக) இருக்கட்டும், இங்கே நாட் நல் வேண்டாம். மொத்தமாகத் தரவு திருத்தும்போது நேரம் மாறக்கூடாதென்றால், மைஎஸ்கியூஎல்லில் அந்த ஃபீல்டுக்கு அதன் மதிப்பையே செட் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் ட்ரிகரை டிஸேபிள் செய்து, அதே டிரான்சாக்‌ஷனுக்குள் மறுபடி எனேபிள் செய்யுங்கள்.