எல்லாப் பதிலிலும் கீப்-அலைவ் எதற்கு?

வெப் சர்வர் அனுப்பும் பதில்களைப் பிரித்துப் பார்த்தால் 'கனெக்‌ஷன்: கீப்-அலைவ்' என்ற ஹெட்டர் (பதிலோடு போகும் குறிப்பு வரி) இன்றும் அடிக்கடி கண்ணில் படும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியின் 1.0 காலத்தில் ஒரு பதில் போய்ச் சேர்ந்ததும் இணைப்பு மூடப்பட்டுவிடும். மூட வேண்டாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ளத்தான் இந்த வரி வந்தது. 1997-இல் வந்த எச்டிடிபி 1.1, இணைப்பைத் திறந்தே வைப்பதை வழக்கமாக்கியது. அதோடு இந்த வரியின் வேலை முடிந்துவிட்டது.

'24 பைட்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விடுவதுதான் முதல் தவறு. 1.1-இல் அதனால் கெடுதல் இல்லை, சரி. ஆனால் எச்டிடிபி 2-இல் கனெக்‌ஷன், கீப்-அலைவ், அப்கிரேட் போன்ற இணைப்பு ஹெட்டர்களை அனுப்பவே கூடாது. வந்தால் அந்தப் பதிலையே பழுதானதாகக் கொள்ள வேண்டும் என்பது விதி.

இது ஏட்டளவு விதி இல்லை. முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் அப்பாச்சி என்று இரண்டு வெப் சர்வர் மென்பொருள்கள் அடுத்தடுத்து நிற்கும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரிடம் பேசுவது என்ஜின்எக்ஸ், பதிலைத் தயாரிப்பது அப்பாச்சி. அப்பாச்சியில் எச்டிடிபி 2 மாட்யூல் இயங்கினால் அது பதிலில் 'அப்கிரேட்' (வேறு பதிப்புக்கு மாறலாம் என்று சொல்லும்) ஹெட்டரைச் சேர்க்கும். என்ஜின்எக்ஸ் அதை அப்படியே பிரவுசருக்குக் கடத்திவிடும். குரோம் கண்டுகொள்ளாது, சஃபாரி பக்கத்தைத் திறக்கவே மறுத்த சம்பவங்கள் உண்டு. டெவலப்பர் குரோமில் மட்டும் பார்த்துவிட்டு 'எனக்கு வருகிறதே' என்பார். ஐபோனில் பார்ப்பவர் என்ன செய்வார், பாவம்! அப்பாச்சியிலேயே அந்த ஹெட்டரை நீக்குங்கள், அல்லது என்ஜின்எக்ஸில் 'ப்ராக்ஸி ஹைட் ஹெட்டர்' கட்டளையால் மறையுங்கள்.

இதைப் படித்ததும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடாதீர்கள். சுமைச் சோதனைக்குப் பலர் பயன்படுத்தும் அப்பாச்சிபெஞ்ச் இன்னும் 1.0-இல்தான் பேசுகிறது. அது கீப்-அலைவ் கேட்டால், அதற்கு அனுப்பும் பதிலில் அந்த வரி இருந்தாக வேண்டும். கோரிக்கை எந்தப் பதிப்பில் வந்தது என்று பார்த்து அனுப்புவதே முறை. 'கனெக்‌ஷன்: க்ளோஸ்' பழசே இல்லை. 1.1-இல் இணைப்பை மூடப்போகிறோம் என்று சொல்ல அதுதான் வழி.

இன்னொரு தவறு, ஹெட்டர் இருக்கிறது என்று நம்பி டைம்அவுட்டை (சும்மா இருக்கும் இணைப்பை எவ்வளவு நேரத்தில் மூடுவது என்ற அளவை) பார்க்காமல் விடுவது. ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத உதவும் நோட்.ஜேஎஸ் சும்மா இருக்கும் இணைப்பை 5 விநாடியில் மூடுவதுதான் வெகுகால வழக்கம். கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர், நாம் மாற்றாவிட்டால் 60 விநாடி வைத்திருக்கும். மூடிய கதவில் அது கோரிக்கையைத் தள்ளும்போதுதான் காரணம் புரியாத 502 பிழைகள் (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பவை) அவ்வப்போது தலைகாட்டும். பின்னால் இருக்கும் சர்வரின் நேரத்தை 60 விநாடிக்கு மேல் வையுங்கள்.