நீளமுடி நாயை வீட்டிலேயே சீவிக் குளிப்பாட்டுவது எப்படி?

உங்கள் நாயின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். மேலே பட்டுப்போல் இருக்கிற முடி, அடியில் கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாகத் தட்டுப்படுகிறதா? அதுதான் சடை.

எங்கள் வெள்ளையனுக்குச் சடை பிடித்தபோது நான் தினமும் அவனுக்குச் சீவிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மேலாகச் சீவியிருக்கிறேன். சீப்பு தோல்வரை போகவே இல்லை. அது தெரியாமல் குளிப்பாட்டியும் விட்டேன். நனைந்து காய்ந்ததும் சடை இறுகி, தோலைப் பிடித்து இழுக்க, முன்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டினான். அக்குள் சடையைக் கத்தரியால் வெட்டப்போய்த் தோலையும் சேர்த்து வெட்டிவிட்டேன். மூன்று தையல். அன்று அவன் என் கையை நக்கிக்கொண்டே படுத்திருந்தது இன்னும் மறக்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பொள்ளாச்சிப் பக்கம். தேங்காய் மஞ்சி, நாயுருவி விதை, நெருஞ்சி முள், செம்மண் எல்லாமே முடியில் ஒட்டும். நகரத்து வீட்டுக்குள் வளரும் நாய்க்கு இவ்வளவு வேலை இருக்காது. முறை ஒன்றுதான்.

முதலில், உங்கள் நாய் எந்த வகை?

நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்ப்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளையனும் அதுதான். ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி: மேலே நீளமான முடி, அடியில் பஞ்சு மாதிரி அடிமுடி. ஷிட்சு வேறு மாதிரி. அதன் முடி நம் தலைமுடிபோல் வளர்ந்துகொண்டே போகும், அதனால் அவ்வப்போது குட்டையாக வெட்டிவிடலாம்.

இரண்டடுக்கு முடிக்காரனை மட்டும் வெயிலுக்குப் பயந்து மழிக்காதீர்கள். சித்திரை வெயிலில் பக்கத்துத் தோட்டத்து அக்கா கேட்டார்: "ஏனுங்க, இதுக்கு ஒரு மொட்டையப் போட்டு உட்டா என்னங்க?" அக்கறையில் கேட்டதுதான். ஆனால் நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அந்த முடி வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்து போகலாம். முடி திரும்ப வரும்போது திட்டுத்திட்டாக வரவும் வாய்ப்புண்டு. உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும், அதுவே போதும்.

வாங்க வேண்டியவை

ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று (வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும்), ஒரு பக்கம் அகலப்பல்லும் மறுபக்கம் நெருக்கப்பல்லும் உள்ள ஸ்டீல் சீப்பு ஒன்று, நுனி மழுங்கிய கத்தரி, நாய்க்கான நகவெட்டி, நாய் ஷாம்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்டீல் சீப்பை வாங்குங்கள். துவட்டுவதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஈரோட்டுத் துண்டு பழசு இரண்டும், திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியும் தண்ணீரை நன்றாக இழுக்கும்.

படி 1: சீவுவது

வேலையில் முக்கால்வாசி இதுதான். குளிப்பாட்டும் முன்பே, உலர்ந்த முடியில் செய்ய வேண்டும். சடையோடு நனைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

நாய் அலுத்துச் சோர்ந்திருக்கும் நேரம் பாருங்கள். நடந்துவிட்டு வந்த பிறகு நல்லது. வழுக்குகிற டைல்ஸ் தரையில் நிற்க வைத்தால் பயப்படும். பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்து அதன்மேல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இனி அடிவயிற்றுப் பக்கமிருந்து தொடங்குங்கள். இடது கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால், வகிடு எடுத்தமாதிரி ஒரு கோடு தோல் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய வரிசையை மட்டும் ஸ்லிக்கரால் கீழ்நோக்கிச் சீவுங்கள். அழுத்தாதீர்கள், கம்பி தோலைச் சிராய்த்துவிடும். உங்கள் முன்கையில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு அழுத்தலாம் என்று புரியும். அந்த வரிசை முடிந்ததும் இடது கையிலிருந்து இன்னும் கொஞ்சம் முடியை விடுங்கள்; அடுத்த கோடு தெரியும். இப்படியே முதுகுவரை. சீவிய இடத்தில் ஸ்டீல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை விடுங்கள். தடையில்லாமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். பிரஷ் ஏமாற்றும், சீப்பு ஏமாற்றாது.

காதுக்குப் பின்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, பின்தொடை, வால் அடி: சடை இந்த இடங்களில்தான் முதலில் பிடிக்கும். முழு உடம்பும் சீவ நேரமில்லாத நாளில் இவற்றை மட்டுமாவது சீவிவிடுங்கள்.

சடை கிடைத்துவிட்டால் இழுக்காதீர்கள். அதன் வேர்ப்பக்கத்தை, தோலை ஒட்டி இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. கொஞ்சம் சோளமாவு (கடையில் கிடைக்கும் கார்ன்ஃப்ளார்) தூவி, விரலால் சடையை நாலாகப் பிய்த்து, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிறிது சிறிதாகச் சீப்பால் பிரியுங்கள். மஞ்சித் துணுக்கும் நாயுருவி விதையும்தான் பல சடைகளுக்கு நடுவே இருக்கும்; அதை எடுத்தால் மீதி தானாக அவிழும்.

பிரியவே பிரியாத சடையை வெட்டத்தான் வேண்டும். நாயின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து மேலே எழும்பி நிற்கும். எது தோல், எது முடி என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் தோலுக்கும் சடைக்கும் நடுவே ஸ்டீல் சீப்பை நுழைத்து, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டுங்கள். சீப்பு நுழையவில்லை என்றால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, தொழில் தெரிந்தவரிடமோ மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

முதல் நாளே முழு நாயையும் முடிக்க நினைக்க வேண்டாம். பத்து நிமிடம், ஒரு பக்கம், ஒரு வாய் தின்பண்டம். நாளைக்கு மறுபக்கம்.

படி 2: உண்ணி பார்ப்பது

சீவும்போதே காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள். ஆடு மாடு இருக்கிற இடத்தில் உண்ணி இல்லாமல் இருக்காது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் தலையோடு வந்துவிடும். நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை குத்துமதிப்பாகக் கலந்து நாய்க்குத் தெளிப்பதைத் தோட்டங்களில் பார்த்திருக்கிறேன்; அளவு மாறினால் அது விஷம். நாய்க்கு ஏற்ற மருந்தை எடைக்குத் தகுந்தபடி மருத்துவர் சொல்வார். சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளுத்து, காய்ச்சல் அடித்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

படி 3: குளியல்

மாதம் ஒருமுறை போதும். வெயில் ஏறிய காலைப்பொழுதில் வைத்துக்கொண்டால் காய நேரம் கிடைக்கும்.

காதில் பஞ்சு வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரால் அடிமுடிவரை நனையுங்கள். இரண்டடுக்கு முடியில் தண்ணீர் உள்ளே போகவே நேரமாகும். ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றி, முடி வளர்ந்த திசையிலேயே தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் மறுபடி சிக்கு.

அரப்பு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் தலைக்கு அரப்பை மிஞ்சியது இல்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தூள் அடர்ந்த அடிமுடியில் தங்கிவிடும், கண்ணில் பட்டால் நாய் தவித்துப் போகும். நம் ஷாம்புவும் சோப்பும் நாயின் தோலுக்கு ஏற்றவை அல்ல.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை சரியாக வராது, காய்ந்தபின் முடி சொரசொரக்கும். கடைசி இரண்டு குடத்தையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். கையால் வழித்தால் வழுக்கல் போய்விட வேண்டும். ஷாம்பு மிச்சமிருந்தால் அரிக்கும்.

படி 4: காயவைப்பது

துண்டால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, இன்னொரு கையால் சீவிக்கொண்டே காயவையுங்கள். மேலே காய்ந்து அடிமுடி ஈரமாகவே இருந்தால் தோல் நாறும், புண் வரும். ஆடிக்காற்று நாட்களில் வாசலில் விட்டால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். காய்வதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரிக்கொண்டுவரும் புழுதியும் ஒட்டிக்கொள்ளும். திண்ணைக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பாதமும் நகமும்

உள்ளங்கால் மெத்தைகளுக்கு நடுவே நீண்டிருக்கும் முடியை மெத்தை மட்டத்துக்கு வெட்டுங்கள். வழுக்காது, நெருஞ்சியும் சிக்காது. ஆசனவாயைச் சுற்றியும் கொஞ்சம் குட்டையாக்கினால் சுத்தமாக இருக்கும்.

நகத்துக்குள் ரத்தநாளம் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்பே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் தெரியாது. அரிசி மணி அளவு மட்டும் வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். ரத்தம் வந்துவிட்டால் சோளமாவை அப்பி இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். வெள்ளையனுக்கு நான் ஒரு நாளைக்கு ஒரு கால்தான் வெட்டுகிறேன். நாலாவது நாள் அவனே காலை நீட்டுகிறான்.