சாவிக்கும் சில்லறைக்கும் ஒரு குட்டித் தோல் உறை

முதலில் தோல். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலாகக் கேட்டு வாங்குங்கள். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும்; ஆனால் அதன் ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற முடியாது. கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், மடிக்கும்போது முரண்டு பிடிக்கும்.

9 செ.மீ. அகலம், 16 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு போதும். கீழிருந்து ஆறரை செ.மீ. மேலே மடித்தால் பை; மிச்சம் 3 செ.மீ. மூடி. அதில் ஒரு பிரஸ் பட்டன். 27 மி.மீ. அகலமுள்ள பத்து ரூபாய் நாணயமும் வீட்டுச் சாவியும் தாராளமாக உட்காரும்.

தையலில்தான் எல்லாமே இருக்கிறது. ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே கோடு போட்டு, 4 மி.மீ.க்கு ஒன்றாகக் குத்தூசியால் துளையிடுங்கள். அரை மீட்டர் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கமாகப் போய்வர வேண்டும். மெஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையே பிரியத் தொடங்கும். இதில் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். முடிவில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, ஒட்ட நறுக்குங்கள்.

ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, துளி நீர் தடவி, பருத்தித் துணியால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். அந்த மினுமினுப்பைப் பார்க்கவே இன்னொன்று செய்யத் தோன்றும்!

ஒரு எச்சரிக்கை: தோல் ஈரமாக இருக்கையில் இரும்புச் சாவியை வைக்காதீர்கள். கருங்கறை பிடிக்கும், பிறகு எளிதில் போகாது.