எழுத வந்தவரிடம் முதலில் கணக்கு கேட்காதீர்கள்: களம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் கருத்துக்களம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “உறுப்பினர் கணக்கைக் கட்டாயமாக்கலாமா, இல்லை கணக்கில்லாத அனானிகளையும் எழுத விடலாமா?” கேட்கும்போதே பாதி முடிவோடுதான் வருகிறார்கள். கட்டாயமாக்கிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பு. மட்டுறுத்தல் வேலையில், அதாவது பிறர் எழுதியதைப் பார்த்து அனுமதிப்பது, நீக்குவது என்ற வேலையில், பல காலமாக இருப்பதால், இந்த நினைப்பு எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இடறிய அதே இடத்தில்தான் இவர்களும் இடறுகிறார்கள்.

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது, பேக்கப் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் களம் தொடங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

கணக்குப் பதிவு கேட்டால் ஸ்பேம் நின்றுவிடும் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஸ்பேம், அதாவது வேண்டாத விளம்பரம், போடுகிறவருக்கு அது தொழில். பதிவுப் படிவத்தை நிரப்புவது, மின்னஞ்சலில் வரும் இணைப்பைச் சொடுக்குவது, மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சாவுக்கு விடை போடுவது என்று எல்லாவற்றையும் தானாகச் செய்யும் எக்ஸ்ரூமர் போன்ற மென்பொருள்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டன. இயந்திரத்தால் முடியாத கேப்ட்சாவைக் குறைந்த கூலிக்கு மனிதர்களை வைத்துத் தீர்த்துக்கொடுக்கும் சேவைகளும் உண்டு. வம்புக்கு வருகிறவர் சங்கதியும் அதேதான். ஒரு கணக்கைத் தடை செய்தால், முன்கூட்டியே திறந்து வைத்திருக்கும் இன்னொன்றில் வந்து நிற்பார். தேடுபொறி வழியாக வந்து, நமக்குத் தெரிந்ததை நாலு வரி சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்தான் பதிவுப் படிவத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடுகிறார். சல்லடை தலைகீழாக வேலை செய்கிறது.

நான் உதவிக்கு இருந்த ஒரு தொழில்நுட்பக் களத்தில், பழைய பிரிண்டர் ஒன்று ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தாள்களை இழுக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். உறுப்பினர்கள் டிரைவரை மாற்று, மென்பொருளைப் புதுப்பி என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த உரையாடல் இழை அப்படியே தூங்கிப்போனது. ஒருநாள் பெயர் போடாத ஒருவர் வந்து எழுதினார்: “தாள் இழுக்கும் உருளைக்குக் கீழே சின்ன ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருந்தால் அதுதான் காரணம். ஈரத்துணியால் துடையுங்கள், சரியாகவில்லை என்றால் பட்டையை மாற்றுங்கள்.” அவ்வளவுதான். அவர் மறுபடி வந்ததாகத் தெரியவில்லை. அந்த இழைக்கு நன்றி சொல்லிப் பின்னூட்டங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

பிறகு ஒரு ஸ்பேம் அலை வந்தது. புது நிர்வாகிகள் அனானி வழியை அடைத்தார்கள். அடுத்து என்ன நடந்தது தெரியுமா? உறுப்பினர் எண்ணிக்கை கூடியது! எல்லாருக்கும் சந்தோஷம். புதிய கணக்குகளைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் சுயவிவரப் பக்கத்தில் சூதாட்டத் தள இணைப்பு. சில கணக்குகள் “பயனுள்ள தகவல், நன்றி” என்று மட்டும் எழுதிவிட்டு மாதக் கணக்கில் சும்மா கிடந்தன. யாரும் கவனிக்காத நேரத்தில் அந்தப் பழைய பின்னூட்டத்தையே திருத்தி உள்ளே இணைப்பைச் செருகினார்கள். அனானிக்கு இது முடியாது. எழுதி அனுப்பியதை அவரால் திருத்த முடியாது, அவருக்குச் சுயவிவரப் பக்கமும் கிடையாது. கணக்கு கொடுத்ததன் மூலம் ஸ்பேமருக்கு இரண்டு புதிய வசதிகளை நாமே கொடுத்தோம்.

இந்த நஷ்டம் கண்ணில் படாது என்பதுதான் வயிற்றெரிச்சல். நீக்கிய ஸ்பேமை எண்ணலாம். எழுதப்படாமல் போன பதிலை எந்த அறிக்கையில் தேடுவது?

விக்கிப்பீடியா இதைக் கொஞ்சம் நிதானமாக அணுகியது. ஒருவரைப் பற்றிய பொய்யான கட்டுரை பெரிய சர்ச்சையானதும், 2005 டிசம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கில்லாதவர்கள் புதிய கட்டுரை தொடங்குவதை நிறுத்தினார்கள். இருக்கும் கட்டுரைகளைத் திருத்துவதை நிறுத்தவில்லை. ஆபத்து எந்தச் செயலில் இருக்கிறதோ அதற்கு மட்டும் பூட்டு. எல்லா மொழியினரும் அதோடு நிற்கவில்லை என்பதும் உண்மை. போர்த்துகீசிய விக்கிப்பீடியா 2020ல் கட்டுரைகளைத் திருத்தவும் கணக்கு வேண்டும் என்று முடிவு செய்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்? கணக்கில்லாதவர் எழுதியதை மட்டுறுத்தல் வரிசையில் நிறுத்துங்கள். அதில் இணைப்பு போட விடாதீர்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைப் படிவத்தில் வையுங்கள். அதை நிரப்பி அனுப்புவது பெரும்பாலும் இயந்திரம்தான். பக்கம் திறந்த இரண்டாவது நொடியில் வந்து விழும் பின்னூட்டமும் அப்படியே. இவ்வளவும் செய்தாலே வரிசையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். புதிய உறுப்பினர்களுக்கும் இதே விதிகளைப் போடுங்கள். பார்க்க வேண்டியது எழுத்தை. கணக்கு இருப்பதால் மட்டும் ஒருவர் யோக்கியர் ஆகிவிட மாட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வரிசையைத் தினமும் பார்க்க ஆள் இல்லையென்றால் அனானி வழியைத் திறக்காதீர்கள். நோயாளிகள், துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் பேசும் களமாக இருந்தாலும் கணக்கு கேட்பதுதான் சரி. அங்கே ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து காயப்படுத்துகிறாரா என்று தெரிந்தாக வேண்டும்.

எழுதி முடித்த பிறகு கதவைச் சாத்துவது

பெட்டி திறந்திருக்கிறது, பத்து நிமிடம் யோசித்து எழுதுகிறார், அனுப்பு பொத்தானை அழுத்துகிறார். “முதலில் உள்நுழையவும்” என்று ஒரு பக்கம் வருகிறது. கணக்கு திறந்து, மின்னஞ்சலை உறுதி செய்து திரும்பி வந்தால் பெட்டி காலி. இதைச் செய்யும் தளத்தில் அவர் இரண்டாவது முறை எழுதமாட்டார். கணக்கு வேண்டுமென்றால் பெட்டிக்கு மேலேயே சொல்லுங்கள். இல்லையா, எழுதியதை வைத்திருந்து அவர் திரும்பியதும் கொடுங்கள்.

உண்மைப் பெயர் இருந்தால் ஒழுங்காகப் பேசுவார்கள் என்பது

இதை ஒரு நாடே சட்டம் போட்டுச் செய்து பார்த்தது. தென் கொரியாவில் 2007 முதல், பெரிய தளங்களில் எழுத அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 2009ல் அந்த விதி யூடியூபுக்கும் வந்தபோது, கூகுள் அதற்கு உடன்படாமல் கொரியப் பக்கத்தில் வீடியோ ஏற்றுவதையும் பின்னூட்டத்தையும் நிறுத்தியது. 2011ல் நேட், சைவேர்ல்ட் என்ற கொரியத் தளங்களில் நடந்த ஊடுருவலில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. அந்த நாட்டின் மக்கள் தொகையே ஏறக்குறைய 5 கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை என்பதும் காரணங்களில் ஒன்று.

தன் பெயரிலேயே நாகரிகமில்லாமல் எழுதுகிறவர்களைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தேவையில்லாததைக் கேட்டு வாங்கி வைப்பது

பிறந்த தேதி எதற்கு? தொலைபேசி எண் எதற்கு? கேட்டால், “படிவத்தில் இருந்தது, விட்டுவிட்டேன்” என்பார்கள். 2010 டிசம்பரில் காக்கர் என்ற அமெரிக்க ஊடக நிறுவனத்தின் தளங்களிலிருந்து ஏறத்தாழ 13 லட்சம் கணக்குகளின் விவரங்கள் வெளியே வந்தன. பின்னூட்டம் போடுவதற்காகத் திறந்த கணக்குகள். அதே கடவுச்சொல்லை ட்விட்டரிலும் வைத்திருந்தவர்களின் பெயரில் அங்கே விளம்பர ஸ்பேம் பறந்தது. ஒரு வரி எழுத வந்தவருக்கு இது தேவையா? நீங்கள் வாங்காததை யாரும் உங்களிடமிருந்து திருட முடியாது.

கேப்ட்சாவைக் கடினமாக்கிக்கொண்டே போவது

தோற்பது மனிதர்கள்தான்.

ஐபி முகவரியை நிரந்தரமாகத் தடை செய்வது

மொபைல் இணையத்தில் ஒரே ஐபியை, அதாவது இணைப்பின் எண் முகவரியை, பலர் பகிர்கிறார்கள். ஒருவரைத் தண்டிக்கப் போய்ப் பலரை வெளியே நிறுத்துவீர்கள். சில மணி நேரம் போதும்.

அனானிகள் எல்லாருக்கும் ஒரே பெயர்

ஒரு இழையில் மூன்று அனானிகள் வாதம் செய்தால் யார் எதைச் சொன்னார் என்று பிடிபடாது. ஒருவரே இரண்டு பேராக நடிக்கவும் வசதி. அந்த இழைக்குள் மட்டும் செல்லும் ஒரு எண்ணை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். அடுத்த இழையில் அது மாறிவிடட்டும்.

கணக்கை நீக்க வழி வைக்காதது

வையுங்கள்.

கணக்கை எப்போது கேட்பது என்று யோசிக்காதது

எழுதியதைப் பிறகு திருத்த வேண்டுமா, பதில் வந்தால் தகவல் வேண்டுமா, படம் ஏற்ற வேண்டுமா, தனிமடல் அனுப்ப வேண்டுமா? அப்போது கேளுங்கள். தனக்கு ஆதாயம் இருக்கிறது என்று தெரிந்தால் சலிக்காமல் கணக்கு திறப்பார். ஏற்கெனவே அனானியாக எழுதிய பின்னூட்டத்தை அந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளவும் ஒரு பொத்தான் கொடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.